தண்ணீர் வடிந்த வீட்டில் மெயினைப் போடுவதற்கு முன்

நீங்கள் கேட்டிருப்பது இது: மடிப்பாக்கத்தில் தரைத்தள வீடு. புயல் மழையில் முழங்கால் அளவு தண்ணீர் உள்ளே வந்து, இரண்டு நாள் மாடி வீட்டில் தங்கியிருந்தீர்கள். நேற்று வடிந்துவிட்டது. தெருவுக்குக் கரண்டும் வந்துவிட்டது. அப்பாவுக்கு எழுபத்தாறு வயது, இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். "எத்தனை நாளைக்கு அடுத்தவங்க வீட்டுல இருக்கிறது, மெயினைப் போடுப்பா" என்கிறார். போடலாமா, வீட்டில் வேறு என்னென்ன பார்க்க வேண்டும், அடுத்த முறைக்கு எதைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும்?

தம்பி, இன்றைக்கு மெயினைப் போடாதீர்கள். அப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். முப்பது வருடமாகத் தென்சென்னையில் கட்டட ரிப்பேர் வேலை எடுத்துச் செய்கிறேன். 2015 வெள்ளம், 2016 வர்தா புயல், 2023 மிக்ஜாம் புயல் மூன்றுக்குப் பிறகும் வாரக்கணக்கில் ஈர வீடுகளுக்குள்தான் இருந்தேன். தண்ணீர் நிற்கும்போது எல்லோரும் பயந்து ஒதுங்கி இருக்கிறார்கள். வடிந்ததும் அந்தப் பயம் போய்விடுகிறது, அடிபடுவது அப்போதுதான்.

கரண்டிலிருந்து தொடங்குகிறேன். 2015 டிசம்பரில் அடையாறு வடிந்த பிறகு கோட்டூர்புரத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். தண்ணீர் போய் நான்கு நாள் ஆகியிருந்தது. தரையைக் கழுவித் துடைத்து, ஃபேனைப் போட்டால் காய்ந்துவிடும் என்று அந்த அம்மா காத்திருந்தார். ஹாலில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் டிவிக்கான பிளக் பாயின்ட். அதன் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி பிளேட்டை முன்னால் இழுத்தேன். பின்னாலிருந்த பைப் வாயிலிருந்து சேற்றுத் தண்ணீர் என் மணிக்கட்டு வழியாக இறங்கியது, ஒரு சொம்பு நிறையும் அளவுக்கு. சுவர் தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. சுவருக்குள் புதைத்த பி.வி.சி. பைப்பில், வளைந்து கீழே இறங்கும் இடங்களில் தேங்கிய தண்ணீருக்குக் காற்றும் கிடையாது, வெயிலும் கிடையாது. நாம் திறந்து விட்டால்தான் வெளியே வரும்.

அதனால் உங்கள் வீட்டில் தண்ணீர் ஏறிய கோட்டைப் பாருங்கள். சுவரில் சேற்றுக் கறை தெரியும். அந்தக் கோட்டுக்குக் கீழேயும், அதற்கு மேல் இரண்டு அடி வரையும் உள்ள ஒவ்வொரு போர்டையும் எலக்ட்ரீஷியனை வைத்துக் கழற்றச் சொல்லுங்கள். பைப்பில் ப்ளோயர் அடித்துத் தண்ணீரை வெளியேற்றட்டும். மூழ்கிய சுவிட்ச், பிளக், எம்.சி.பி. (லோடு கூடினால் தானாக விழும் சுவிட்ச்), ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் வெட்டும் சுவிட்ச்) எதையும் காய வைத்துத் திரும்பப் போட வேண்டாம், புதிதாக வாங்குங்கள். உள்ளே படிந்த சேறு போகாது. எம்.சி.பி. வெளியே பளிச்சென்று இருக்கும், விழ வேண்டிய நேரத்தில் விழாது.

பிறகு மெக்கர் டெஸ்ட். வயரின் இன்சுலேஷன் நன்றாக இருக்கிறதா என்று அளக்கும் கருவிதான் மெக்கர். டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பார்த்துவிட்டு "லைன் சரியா இருக்கு சார்" என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம். டெஸ்டர் கரண்ட் இருக்கிறதா என்று மட்டும் காட்டும். வயரின் இன்சுலேஷன் கெட்டு ஈரச் சுவர் வழியாகக் கசிகிறதா என்பதைக் காட்டாது. 500 வோல்ட் மெக்கரை வைத்து ஒவ்வொரு சர்க்யூட்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். வீட்டு வயரிங்குக்குக் குறைந்தது 1 மெகா ஓம் வர வேண்டும். அதற்கும் கீழே காட்டினால் அந்த சர்க்யூட்டை மட்டும் பிரித்து வைத்துவிட்டு, இரண்டு மூன்று நாள் காயவிட்டு மறுபடி அளக்கலாம். அளக்கும்போது ஃப்ரிட்ஜ், டிவி, வாஷிங் மெஷின் எல்லா பிளக்கையும் பிடுங்கி வைத்திருக்க வேண்டும். நல்ல எலக்ட்ரீஷியனுக்கு இது ஒரு மணி நேர வேலை. மெக்கர் இல்லாதவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

உங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எழுதவில்லை. எம்.சி.பி.க்கள் இருக்கும் டி.பி. பெட்டியில் சின்ன டெஸ்ட் பட்டனோடு, 30 மில்லி ஆம்பியர் என்று போட்டு ஒன்று இருந்தால் அதுதான். கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொடுவதற்குள் கரண்டை வெட்டிவிடும். ஆளைக் காப்பாற்றுகிற கருவி அதுதான். எம்.சி.பி. வயரைக் காப்பாற்றுமே தவிர உங்களைக் காப்பாற்றாது. மிக்ஜாமுக்குப் பிறகு வேளச்சேரியில் ஒரு வீட்டில் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று முன்பு வந்தவர் அதை பைபாஸ் செய்து நேராக லைன் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மூன்றாம் நாள் வாஷிங் மெஷின் பாடியில் கை வைத்த அந்த வீட்டுப் பெண் தூக்கி எறியப்பட்டார். உயிர் பிழைத்தது பெரிய விஷயம். ஆர்.சி.சி.பி. விழுந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். எல்லா எம்.சி.பி.யையும் கீழே இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக மேலே போட்டுக்கொண்டே வந்தால் எந்த லைனில் கசிவு என்று தெரிந்துவிடும். அந்த லைனைச் சரிசெய்யுங்கள். பைபாஸ் என்ற பேச்சையே வீட்டுக்குள் விடாதீர்கள்.

இன்னொன்றைப் பலர் மறக்கிறார்கள்: இன்வெர்ட்டர். மெயினை இறக்கிவிட்டால் வீட்டில் கரண்ட் இல்லை என்று நினைத்துக்கொள்வோம். இன்வெர்ட்டர் ஆன் ஆகி இருந்தால் ஃபேன், லைட் லைன்களில் 230 வோல்ட் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். மாடிப்படிக்கு அடியிலோ ஹால் மூலையிலோ தரையில்தான் பெரும்பாலும் வைத்திருப்போம். அது தண்ணீரில் நின்றிருந்தால் நீங்கள் தொட வேண்டாம். எலக்ட்ரீஷியன் முதலில் அதன் சுவிட்சை அணைத்து, பேட்டரி டெர்மினலைக் கழற்றிய பிறகுதான் மற்ற வேலை. தெருவில் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து யாராவது ஓட்டினாலும் இதே எச்சரிக்கை தேவை. ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ, கார் பார்க்கிங்கில் ஜன்னல் ஓரத்திலோ வைக்கவே கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

மீட்டர் போர்டு கீழே ஸ்டில்ட் பார்க்கிங்கில் இருந்து மூழ்கியிருந்தால் அது ஈ.பி. ஆட்கள் பார்க்க வேண்டியது. மின்வாரியத்தின் புகார் மையம் மின்னகம், 94987 94987. பதிவு செய்து எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் நிற்கும் பில்லர் பாக்ஸ், கம்பம், ஸ்டே வயர், அறுந்து கிடக்கும் கம்பி எதன் பக்கமும் போக வேண்டாம். தண்ணீரில் நடக்கும்போது காலில் லேசாகச் சுர்ரென்று இருந்தால் ஒரு அடிகூட முன்னே வைக்காமல், வந்த வழியே சின்னச் சின்ன அடியாகத் திரும்பிவிடுங்கள்.

இனி வீட்டுக்குள் நுழைவது. பகலில், கெட்டியான செருப்போ பூட்ஸோ போட்டுக்கொண்டு, இரண்டு பேராகப் போங்கள். அப்பா அம்மா மாடியிலேயே இருக்கட்டும். டார்ச்சை வெளியிலேயே ஆன் செய்துகொள்ளுங்கள். கதவைத் திறந்ததும் உள்ளே போகாமல் மோந்து பாருங்கள். வெள்ளத்தில் சிலிண்டர் மிதந்து சாய்ந்து ரெகுலேட்டர் தளர்ந்திருக்கலாம். கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி வரும். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்குக் கூப்பிடுங்கள். வாடை இல்லையென்றாலும் தண்ணீரில் கிடந்த ரப்பர் டியூபை மாற்றிவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும்.

பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்தில் இருக்கிறீர்கள், பாம்பு வரும். அலமாரிக்கு அடியில், சுருட்டிய பாய்க்குள், ஷூ ஸ்டாண்டில், வாஷிங் மெஷின் பின்புறம் எல்லாம் கைவிடும் முன் ஒரு நீளக் கம்பால் தட்டுங்கள். பார்த்தால் அடிக்கப் போகாமல் அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள், 101 அல்லது 112. கடித்துவிட்டால் கயிறு கட்டுவதும் கீறுவதும் வேண்டாம். கடித்த கையை, காலை அசைக்காமல் 108-இல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், மருந்து அங்கே இருக்கிறது.

எதையும் கழுவுவதற்கு முன், எதையும் தூக்கிப் போடுவதற்கு முன், போட்டோ. ஒவ்வொரு அறையையும் நான்கு மூலையிலிருந்து எடுங்கள். சுவரில் தண்ணீர்க் கோடு தெரிய, பக்கத்தில் ஒரு டேப்பைப் பிடித்துக்கொண்டு எடுங்கள். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பின்னால் உள்ள சீரியல் நம்பரும் தெரிய வேண்டும். இன்ஷூரன்ஸ் இருந்தால் இன்றே தகவல் சொல்லிவிடுங்கள்; சர்வேயர் வந்து பார்க்கும் வரை பெரிய சாமான்களைக் குப்பைக்கு அனுப்ப வேண்டாம். இன்ஷூரன்ஸ் இல்லையென்றாலும் எடுத்து வையுங்கள்.

இப்போது கட்டடம். இதை வெளியிலிருந்து உள்ளே பார்த்துக்கொண்டு வர வேண்டும். முதலில் காம்பவுண்டு சுவர். புயலுக்குப் பிறகு ஆளைக் கொல்வதில் இது முக்கியமானது, ஏனென்றால் யாரும் அதைக் கட்டடமாக நினைப்பதில்லை. நம் புறநகர்ப் பகுதிகளில் ஹாலோ பிளாக்கை அடுக்கி, நடுவில் பில்லர் இல்லாமல் இருபது அடி நீளத்துக்கு இழுத்துவிடுகிறார்கள். அடியில் மண் அரித்துப் போயிருக்கும். பக்கத்து மனை காலியாக இருந்தால் அங்கே நிற்கும் தண்ணீர் இந்தச் சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கும். ஒரு தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பாருங்கள், இல்லையென்றால் நூலில் ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிட்டாலும் போதும். மேலே ஒரு அங்குலம் சாய்ந்திருந்தாலும் அதன் ஓரமாக வண்டி நிறுத்துவதையும் துணி காயப்போடுவதையும் நிறுத்திவிட்டுக் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

மரமும் அப்படித்தான். வர்தாவில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. நம் நடைபாதை மரங்களின் வேரைச் சுற்றிலும் சிமென்ட் பூசி மூச்சு முட்ட வைத்திருக்கிறோம், வேர் ஆழமாகப் போவதே இல்லை. உங்கள் வீட்டுப் பக்கம் சாய்ந்த மரத்தின் அடியில் மண் ஒரு பக்கம் மேலே தூக்கிக்கொண்டிருந்தால் அது இன்னும் விழுந்து முடியவில்லை என்று பொருள். மாநகராட்சி 1913-க்குச் சொல்லுங்கள். ஒயர் மேல் கிடக்கும் கிளையை நீங்களே வெட்டப் போகாதீர்கள்.

மொட்டை மாடிக்கு மாடி வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அது எல்லோருக்கும் பொது. மழைநீர் இறங்கும் குழாய் வாயில் அரசிலை, பிளாஸ்டிக் கவர், பையன்களின் பந்து என்று ஏதாவது அடைத்திருக்கும். ஆயிரம் சதுர அடி மாடியில் நான்கு அங்குலம் தண்ணீர் நின்றால் ஒன்பது டன்னுக்கு மேல் எடை. குச்சியால் குத்தாமல் கையால் எடுத்துவிடுங்கள், குத்தினால் உள்ளே போய் முழங்கையில் சிக்கிக்கொள்ளும். கைப்பிடிச் சுவரைச் சாய்ந்து பார்க்காமல், உள்பக்கம் தரையோடு சேரும் கோட்டில் விரிசல் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஏ.சி. அவுட்டோர் யூனிட் நிற்கும் ஆங்கிள், சோலார் வாட்டர் ஹீட்டர், டேங்க் மூடி, டிஷ் எல்லாம் தளர்ந்திருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை இருந்தால் அதன்மேல் கால் வைக்க வேண்டாம், நனைந்து பழசான ஷீட் ஆள் எடை தாங்காது.

பிறகு உள்ளே சீலிங். இது எனக்கு மனதுக்கு நெருக்கமான விஷயம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீளமான மூங்கில் கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, நேர் கீழே நிற்காமல் இரண்டடி தள்ளி நின்று, சீலிங் பூச்சை வரிசையாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் "டக் டக்" என்று கெட்டியாகக் கேட்கும். கம்பி துருப்பிடித்து உப்பி, பூச்சு கான்கிரீட்டை விட்டுப் பிரிந்த இடத்தில் "டொப் டொப்" என்று காலிப் பானையைத் தட்டின மாதிரி கேட்கும். காது ஒரு நிமிடத்தில் பழகிவிடும். மந்தைவெளியில் ஒரு பழைய அடுக்ககத்தில் இப்படித் தட்டிக்கொண்டு வரும்போது, வெளிப்பார்வைக்குச் சுண்ணாம்பு அடித்து அழகாக இருந்த இடத்தில் டொப்பென்றது. இன்னொரு தட்டு தட்டினேன். இரண்டு விரல் கனத்தில் முறம் அளவு பூச்சு மொத்தமாக இறங்கியது. அதற்கு நேர் கீழே முந்தின நாள் வரை தொட்டில் தொங்கியிருந்தது. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் படுக்கும் இடத்துக்கு மேலேதான் தட்டிப் பார்க்கிறேன். நீங்களும் அப்பா அம்மா கட்டிலுக்கு மேலே முதலில் தட்டுங்கள். டொப் என்று கேட்ட இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக் குறித்துவிட்டு, கட்டிலை நகர்த்திவிடுங்கள். பால்கனி அடிப்பக்கத்தையும் சன்ஷேடையும் இதே மாதிரி பார்க்க வேண்டும். கம்பி வெளியே தெரிகிற சன்ஷேடுக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது.

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், ராயபுரம் பக்கம் மெட்ராஸ் டெரஸ் (தேக்கு உத்திரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட பழைய தளம்) வீடுகளில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை: தேக்கு உத்திரம் சுவருக்குள் நுழைகிற முனையைப் பாருங்கள். வெள்ளம் உள்ளே வராவிட்டாலும் நாட்கணக்கான மழையில் சுண்ணாம்புத் தளம் ஊறிக் கனத்துவிடும். உத்திரத்தின் முனையில் கத்தி நுனி எளிதாக இறங்கினாலோ, இரவில் சுண்ணாம்புத் தூள் தரையில் விழுந்துகொண்டே இருந்தாலோ அந்த அறையில் படுக்காதீர்கள்.

விரிசலைப் பார்த்துப் பதற வேண்டாம். பூச்சில் மயிரிழையாக ஓடுவது பெரும்பாலும் வெறும் பூச்சு விரிசல். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறுவது, செங்கல் அடுக்கைத் தொடர்ந்து படிப்படியாகப் போவது, ஒரு பக்கம் மேடும் ஒரு பக்கம் பள்ளமுமாகத் தடவத் தெரிவது, ஐந்து ரூபாய் நாணயத்தின் விளிம்பு நுழையும் அளவுக்கு இருப்பது, இவையெல்லாம் இன்ஜினியரிடம் காட்ட வேண்டியவை. உங்கள் பகுதியில் களிமண் உண்டு. ஊறினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதனால் விரிசல் இரண்டு மூன்று மாதம் கழித்துக்கூட வரும். இப்போது இருக்கிற விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தால் தெரிந்துவிடும். கான்கிரீட் தூணில், பீமில் விரிசல் இருந்தாலோ, நேற்று வரை நன்றாகச் சாத்திய கதவு இன்று திடீரென்று இறுகிக்கொண்டாலோ காத்திருக்க வேண்டாம், வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது சம்ப், தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. மூடி வழியாக வெள்ளம் உள்ளே போயிருந்தால் அதில் இருப்பது சாக்கடை கலந்த தண்ணீர், பார்க்கத் தெளிவாக இருந்தாலும். ஆனால் இன்றே முழுக்க இறைத்துவிடாதீர்கள். சுற்றிலும் நிலத்தடி நீர் தரை மட்டத்தில் நிற்கும்போது உள்ளே காலி செய்தால், வெளித் தண்ணீர் சம்ப்பை அடியிலிருந்து தூக்கும். சுவர் வெடிக்கும், பிளாஸ்டிக் டேங்காக இருந்தால் அப்படியே மேலே கிளம்பிவிடும். செப்டிக் டேங்குக்கும் இதே கதைதான். அதுவரை லாரித் தண்ணீரும் கேனும் வைத்து ஓட்டுங்கள். சென்னைக் குடிநீர் வாரியத்தின் எண் 1916. தோட்டத்தில் ஒரு அடி குழி தோண்டிப் பார்த்து, தண்ணீர் ஊறி நிற்காமல் இருந்தால் இறைக்கலாம். சம்ப்புக்குள் இறங்குகிறவர் தனியாக இறங்கக் கூடாது. மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விட்ட பிறகே இறங்க வேண்டும். செப்டிக் டேங்குக்குள்ளும் சாக்கடைத் தொட்டிக்குள்ளும் மனிதரை இறக்கவே கூடாது. சட்டமும் அதைத் தடுக்கிறது, அதில் போன உயிர்கள் போதும்.

சம்ப்பைத் தேய்த்துக் கழுவிய பிறகு தண்ணீர் நிரப்பி, ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, மோட்டார் போட்டு மேல் டேங்க், குழாய் எல்லாவற்றிலும் ஏற்றி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் முழுக்க வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டும். அதன் பிறகு கொஞ்ச நாளைக்கு ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் போட்டு அரை மணி நேரம் கழித்துப் புழங்கலாம். குடிக்க, கொதிக்க வைத்த தண்ணீர்தான். பிளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் ஆசிடையும் ஒன்றாகக் கலக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பி நெஞ்சை அடைக்கும். கழுவுகிற அவசரத்தில் இதைச் செய்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

சேறு அள்ளும்போது கையுறை, பூட்ஸ். காலில் புண் இருந்தால் அந்த வேலையை வேறு ஒருவர் செய்யட்டும். எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் வரும். அடுத்த இரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் மருத்துவரிடம் "வெள்ளத் தண்ணீரில் நின்றேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டை போடும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். மாடியில் தேங்காய் ஓடு, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள்.

கார் மூழ்கியிருந்தால் சாவியைத் திருகிப் பார்க்கவே வேண்டாம். இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், இன்ஷூரன்ஸில் அந்தச் செலவைக் கேட்பதும் கஷ்டம். டோ செய்து கொண்டுபோங்கள்.

சுவருக்கு உடனே பெயின்ட் அடிக்காதீர்கள். பொங்கலுக்குள் அழகாக்கிவிட வேண்டும் என்று ஜனவரியில் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தவர்கள் எல்லோரும் கோடையில் உப்புப் பூத்து உரிந்துபோய் மறுபடி என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் ஷீட்டைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தால் சுவர் இன்னும் ஈரம். அதுவரை பீரோ, கட்டிலைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி வைத்து, பகல் முழுக்க ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

அடுத்த முறைக்கு. மடிப்பாக்கத்தில் மழை நின்ற பிறகும் தண்ணீர் ஏறும் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் நிரம்பி பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு வருகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாயில் விழுந்து, முட்டுக்காடு, கோவளம் பக்கம் கடலில் சேர வேண்டும். அலை ஏற்றமாக இருந்தால் கடல் அந்தத் தண்ணீரை உள்ளே வாங்காது. 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை. அதனால் "மழை விட்டுடுச்சு, இனி ஏறாது" என்ற கணக்கை விட்டுவிடுங்கள். கிளம்புவதற்கு ஒரு அடையாளத்தை இப்போதே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். உதாரணமாக, தண்ணீர் உங்கள் கேட்டின் முதல் படியைத் தொட்டால் அப்பா அம்மா மாடிக்குப் போய்விட வேண்டும், அது பகலோ நள்ளிரவோ. அந்த நேரத்தில் விவாதம் கூடாது என்பதற்காகத்தான் இப்போதே பேசச் சொல்கிறேன். வயதானவர்களை இடுப்பளவு தண்ணீரில் தூக்கிக்கொண்டு போகிற கொடுமையை நான் பார்த்திருக்கிறேன்.

தரைத்தளத்தில் தண்ணீர் முதலில் வாசல் வழியாக வருவதில்லை, கக்கூஸ் வழியாக வரும். சாக்கடை லைன் நிரம்பி எதிர்த்துக்கொண்டு ஏறும். ஒரு கோணிப்பையில் மணல் கட்டி, டாய்லெட் பேசின் வாயிலும் பாத்ரூம் தரைக் குழியிலும் அழுத்தி வைத்தால் நிறையத் தடுக்கும். பிளம்பரிடம் சொல்லி வெளிச் சேம்பருக்கு முன்னால் தண்ணீரைத் திரும்பி வரவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். ஒரு தரம் செலவு செய்தால் வருடக்கணக்கில் நிம்மதி. இப்போது எப்படியும் வயரிங்கைத் தொடப் போகிறீர்கள், அதோடு பிளக் பாயின்ட் எல்லாவற்றையும் நான்கு அடி உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். இன்வெர்ட்டருக்கு சுவரில் ஆங்கிள் அடித்து மேலே வையுங்கள்.

செப்டம்பர் கடைசியிலேயே, வடகிழக்குப் பருவமழைக்கு முன், மாடிக் குழாய் வாயைச் சுத்தம் செய்வது, தென்னையில் காய்ந்த மட்டையும் குலையும் இறக்குவது, கைப்பிடிச் சுவர்மேல் இருக்கும் பூந்தொட்டிகளைக் கீழே வைப்பது. புயல் அறிவிப்பு வந்ததும் சின்டெக்ஸ் டேங்கை முழுக்க நிரப்புங்கள். கரண்ட் போன பிறகு தண்ணீர் கிடைக்கும், காற்றில் டேங்கும் பறக்காது. காலி டேங்க் தெருவில் உருண்டு போனதை வர்தா அன்று பார்த்தேன். அன்று பிற்பகல் புயலின் கண் நகரைக் கடக்கும்போது காற்று திடீரென்று அடங்கியது. முடிந்துவிட்டது என்று பலர் வெளியே வந்து வண்டிமேல் விழுந்த கிளையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து அதே வேகத்தில் மறுபடி அடித்தது. வானிலை மையம் சொல்லும் வரை உள்ளேயே இருங்கள்.

அவசரத்துக்குத் தயாராக வைக்கும் பையில் என்னென்ன என்பதை நான் சுருக்கமாகவே சொல்கிறேன். மூன்று பேருக்கு மூன்று நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் இருபது லிட்டர் கேன் இரண்டு. பால் பவுடர் கட்டாயம். மிக்ஜாம் சமயத்தில் பால் பாக்கெட்டுக்குத் தெருத் தெருவாக அலைந்தோம். அவல், பொரிகடலை, பிஸ்கட். சில்லறை நோட்டாகப் பணம், கரண்டும் டவரும் இல்லாதபோது ஜிபே வேலை செய்யாது. டார்ச், பவர் பேங்க், பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ. வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, ஆதார், இன்ஷூரன்ஸ் பேப்பர் எல்லாம் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில், அதன் போட்டோ போனிலும் டிஜிலாக்கரிலும். 2023-இல் அரசு கொடுத்த ஆறாயிரம் ரூபாய் நிவாரணம் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது. நனைந்த பத்திரத்தை வெயிலில் காயவைக்காமல், பக்கங்களைப் பிரிக்க இழுக்காமல், நிழலில் காற்றாட விடுங்கள். வீட்டு இன்ஷூரன்ஸ் இல்லையென்றால் 'பாரத் க்ருஹ ரக்ஷா' என்று கேளுங்கள். 2021 ஏப்ரல் முதல் இருக்கும் பொதுவான பாலிசி. புயலும் வெள்ளமும் அதில் அடக்கம். புயல் அறிவித்த பிறகு ஓடாதீர்கள், அதற்கு முன்பே எடுத்து வையுங்கள்.

அப்பாவின் இன்சுலின்: திறந்த பாட்டில் பொதுவாக நான்கு வாரம் வரை அறை வெப்பத்தில் தாங்கும், அவருடைய மருந்தோடு வந்த தாளில் சரியான கணக்கு இருக்கும். திறக்காததை, கரண்ட் இல்லாத நாட்களில், சின்ன மண்பானைக்குள் வைத்து, அதை ஈர மணல் போட்ட பெரிய பானைக்குள் இறக்கி நிழலில் வையுங்கள். பாட்டிலில் ஈரம் படாமல் ஒரு கவருக்குள் போட்டுவிடுங்கள். ஐஸ் மேல் நேராக வைக்கக் கூடாது, உறைந்தால் வீண். சிரிஞ்ச், சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப், பத்து நாள் மாத்திரை, மருத்துவர் சீட்டின் நகல் எல்லாம் அதே பையில்.

1913, மாநிலப் பேரிடர் உதவிக்கு 1070, மாவட்டத்துக்கு 1077, 94987 94987, 108, 1906. இவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி, உங்கள் ஃபோன் நம்பரையும் சேர்த்து, பீரோ கதவின் உள்பக்கம் தலை உயரத்துக்கு ஒட்டுங்கள். போன் செத்துவிட்டால் அம்மாவுக்கு உங்கள் நம்பர் மனப்பாடமாகத் தெரியுமா என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.

இன்று மாலைக்குள் மெக்கர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனைப் பிடியுங்கள். அளந்து முடித்ததும் எந்த லைனில் எவ்வளவு காட்டியது என்று எழுதுங்கள். எதைப் போடலாம், எதை நிறுத்தி வைக்க வேண்டும் என்று சொல்கிறேன். சீலிங்கில் டொப் என்று கேட்ட இடங்களின் போட்டோவும் அனுப்புங்கள்.